புள்ளம்பாடி ஸ்டேஷனில் கூப்பிட்ட பெயர்

குன்னம்
சர்வதாரி வருஷம் மாசி மாதம் 6-ந் தேதி

சௌபாக்கியவதி சிந்தாமணிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கப்பாவும் மாடு கன்றுகளும் சௌக்கியம். உன் தம்பி ராசாங்கமும் சௌக்கியம்தான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பதாக உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். கரக்பூரில் இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய், குழந்தைக்குக் காதை மூடித் துணி கட்டு, ஊரார் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவிழ்த்துவிடாதே. இந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு யாரிடமாவது சொல்லி எழுதச் சொன்னால் உனக்கு வந்து சேருவதற்குள் குன்னம் முழுக்கப் படித்து முடித்துவிடும், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மலர்க்கொடி பொன்மலைக்குத் தாய் வீடு போய் இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. ஐந்து மாதக் கர்ப்பிணியை ஏன் விரட்டினாய் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உன் தம்பி அவன் பங்குக்கு உனக்கு எழுதிவிட்டான் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். நான் விரட்டவில்லை, போகச் சொன்னேன், அவள் போய்விட்டாள். என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும், கேட்டபிறகு நான் செய்தது தப்பென்றால் எழுது. ஆனால் ‘டியர் அம்மா’ என்று ஆரம்பித்து எழுதாதே. நான் என்ன மாப்பிள்ளை வேலை செய்யும் ரயில்வே ஆபீஸ் துரையா? முன்பெல்லாம் அம்மாவுக்கு நமஸ்காரம் என்று எழுதிக்கொண்டிருந்தாய், அந்த நமஸ்காரத்தை வழியில் எந்த ஊரில் இறக்கிவிட்டாயோ தெரியவில்லை. குழந்தை தண்ணீரைப் பானி என்று கேட்கிறாள், கேட்டால் சிரிப்பு வருகிறது என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு வரவில்லை. இங்கே வந்து அப்படிக் கேட்டால், தமிழில் கேட்கிறவரைக்கும் சொம்பைக் கையில் கொடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்னைச் சொல்லி என்ன, இங்கே இருக்கிறவர்கள் பேச்சே இப்போது யாருக்கும் புரியாத பேச்சாகிவிட்டது. உன் தம்பி மிலிட்டரியிலிருந்து திரும்பியபோது ஒரு தகரப் பெட்டியும் நாலு வார்த்தையும் கொண்டுவந்தான், பேஜார், டிமிக்கி, ஜல்தி, கில்லாடி. பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது, வார்த்தைகள் மட்டும் குட்டி போட்டுப் பெருகுகின்றன. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் டிமிக்கி கொடுத்துவிட்டது என்கிறான். பருத்திக்கு மழை வேண்டும் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவன் ஒரே பேஜார் என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டு போகிறான். இதெல்லாம் போதாதென்று அரியலூர் பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர் வேலையில் சேர்ந்தான் பார், அன்றைக்கு வீட்டுக்குள் பஸ் ஓட ஆரம்பித்தது. சோறு போட்டுக்கொண்டே இருந்தால் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி ‘ஓல்டான்’ என்கிறான், அது பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிற வார்த்தையாம். குழம்பு ஊற்றச் சொல்வதற்கு ‘ரைட்’. வயலில் பருத்தி எடுக்க ஆள் வந்திருக்கிறார்களா பார்த்துவிட்டு வா என்று அப்பா சொன்னால் அதற்கும் ரைட். ஆகட்டும் அப்பா என்று வாயைத் திறந்து சொன்னால் பல்லா உதிர்ந்துவிடும்? கேட்டால் டயம் இல்லையாம். கரியைப் போட்டுப் புகைத்து, ஏற்றத்தில் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லி ஓட்டுகிற அந்த பஸ்ஸில் அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன், அதற்கும் ரைட் என்றான்.

படித்தவனாவது ஒழுங்காகப் பேசுகிறானா என்றால் அதுவும் இல்லை. பச்சையம்மாள் மகன் கிருஷ்ணமூர்த்தியை உனக்கு நினைவிருக்கும், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நம் களத்தில் நிலக்கடலை பொறுக்கித் தின்பானே, அவன் திருச்சியில் காலேஜில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் நம் வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பி, வணக்கம் தாயே, தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது என்று கேட்டான். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கூட்டங்களில் மேடை ஏறிப் பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டு வீட்டிலும் அப்படியே பேசுகிறானாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் உணவு அருந்தினேன் என்கிறான், கம்பங்களியை எப்படி அருந்தினான் என்று கேட்காமல் நானும் விட்டுவிட்டேன். அவன் கூட்டாளிகள் ஒருத்தனை ஒருத்தன் பிரதர் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கூடப் பிறந்த அண்ணனை வாடா போடா என்பது, ஊரான் பிள்ளையைப் பிரதர் என்பது, இதுதான் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மரியாதை.

இவர்கள் எல்லோருக்கும் மேலே நம் வீட்டுக்கு வந்த மருமகள். மலர்க்கொடி வேலையில் குறை சொல்ல மாட்டேன், சாணி தெளிப்பதிலிருந்து மாடு கறப்பதுவரை பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வாய் ஒன்றுதான். வந்த மூன்றாம் நாளே ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு ‘சோக்கா இருக்கு அத்தே’ என்றாள். கட்டிய புருஷனை ராசு என்று பெயர் சொல்லித் தெருவிலிருந்து கூப்பிடுகிறாள், அவனும் ரைட் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் வரைக்கும் என் குரல் எப்படி இருக்கும் என்று என் மாமனாருக்குத் தெரியாது. இவள் மாமனாருக்கு எதிரில் போய் நின்று, மாமா காப்பி ரெடி என்கிறாள். வெட்கக்கேட்டை எழுதுகிறேன், உங்கப்பாவும் இந்த வயதில் ரெடியா, ரைட் என்று சொல்லிக்கொண்டு எழுந்து வருகிறார். நான் முப்பத்திரண்டு வருஷமாகக் கூழும் காப்பியும் கொண்டுபோய் வைத்தேன், ஒரு நாள்கூட அப்படிப் பளிச்சென்று எழுந்து வந்ததில்லை.

இப்போது நடந்ததைச் சொல்லுகிறேன். பொங்கல் கழித்து உங்கப்பாவுக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள், அது உனக்குத் தெரியும். நானும் மலர்க்கொடியும் கூட இருந்தோம். பன்னிரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். எடுத்த கண்ணுக்குக் கட்டு, இன்னொரு கண்ணில் அரைப் பார்வை, வெயிலில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிகிறது என்றார். ராசாங்கத்துக்கு அன்றைக்கு டியூட்டி என்று வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அரியலூருக்கு ரயில் ஏறினோம், நம் பச்சையம்மாளும் மகனைப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் வந்தாள். சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியும் ரயிலில் கூட்டம் மட்டும் குறையவில்லை, கால் வைக்க இடமில்லை. புள்ளம்பாடியில் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழி விட வேண்டும் என்று எங்கள் வண்டியை ஓரமாகப் போட்டு நிறுத்திவிட்டார்கள். வெகு நேரம் ஆகும் என்று யாரோ சொல்ல, ஆண்பிள்ளைகள் எல்லாம் பிளாட்பாரம் இல்லாத பக்கத்தில் குதித்து, அடுத்த தண்டவாளத்தைத் தாண்டிப் புதர்ப்பக்கம் ஒதுங்கப் போனார்கள். உங்கப்பாவும் கிளம்பினார். வேண்டாம் என்றேன், நான் என்ன குருடனா என்று கேட்டுவிட்டு முன்னால் போகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். திரும்பும்போது அந்த மனுஷன் விறுவிறுவென்று வந்து ஏறிக்கொண்டான். உங்கப்பா தனியாக அந்த நடுத் தண்டவாளத்தில் நின்றுகொண்டு, எங்கள் பெட்டி எது என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

எக்ஸ்பிரஸ் ஊதியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும், எங்கள் வண்டிதான் புறப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, இந்தாங்க, இந்தாங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். புதரிலிருந்து வந்துகொண்டிருந்த ஆண்பிள்ளைகளில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒவ்வொருத்தனும் தன் பெண்சாதிதான் கூப்பிடுகிறாள் என்று. உங்கப்பா மட்டும் திரும்பவில்லை. சிந்தாமணி அப்பா என்று கூப்பிட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். பெற்ற மகளே, அந்த நிமிஷம் எனக்கு உன் பெயரும் வரவில்லை. மலர்க்கொடி மாமா, மாமா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ரயிலில் எத்தனை மாமா, யார் திரும்புவார்கள். அப்புறம் அவள் வயிற்றுப் பிள்ளையோடு ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசல் கம்பியைப் பிடித்து வெளியே தொங்கினாள். தொங்கிக்கொண்டு உங்கப்பா பெயரைச் சொல்லிக் கூவினாள். அவர்கள் இவர்கள் என்று ஒன்றும் இல்லை, மொட்டைப் பெயர். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவனைக் கூப்பிடுவதுபோல மூன்று தடவை, நாலு தடவை. அவர் சட்டென்று நின்றார். அந்தக் குரலைப் பார்த்துத் திரும்பினார். அவள் விடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க அவர் குரலைப் பிடித்துக்கொண்டே எங்கள் பெட்டிக்கு வந்தார், இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். எக்ஸ்பிரஸ் போயிற்று. வெகு தூரத்தில் வந்தது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லுகிறேன், அவர் தோள் துண்டு அந்தக் காற்றில் பறந்துபோய்விட்டது.

அதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். செய்யவில்லை. அரியலூர் வந்து பஸ் ஏறிக் குன்னத்தில் இறங்கும்வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் அவளைப் புகழ்ந்துகொண்டு வந்தார்கள், நான் அவர் பெண்சாதி என்பதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. பச்சையம்மாள் வீட்டுக்குள் மூட்டையை வைப்பதற்கு முன்னாலேயே ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனால் தெருப் பிள்ளைகள் ஒருத்தன் இடுப்பை ஒருத்தன் பிடித்து ரயில் விட்டுக்கொண்டு, உங்கப்பா பெயரைச் சொல்லிக் கூவி, ஓல்டான், ரைட் என்று விளையாடுகிறதுகள். நாலு தலைமுறையாக மரியாதையாக இருந்த குடும்பம், சின்னப் பிள்ளை வாயில் எல்லாம் அந்தப் பெயர். குடத்தை இறக்கி வைத்த கையோடு மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரியவர்கள் பெயரை நடுச்சந்தியில் ஏலம் போடுகிற வாய்க்கு இந்த வீட்டில் இடம் இல்லை, தாய் வீட்டுக்குப் போய்ப் பேசக் கற்றுக்கொண்டு வா என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கி இந்த வூட்டுல என்ன சத்தம் கேட்டிருக்கும்னு நெனச்சுப் பாருங்க அத்தே.” சொல்லிவிட்டு உன் தம்பியோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். எப்படி இருக்கிறது பார், கிளம்பும்போதுகூட எதிர்ப்பேச்சு.

ஊரில் விசாரிக்கிறார்கள். பிரசவத்துக்கா, ஐந்தாம் மாதத்திலேயேவா, வளைகாப்பு போடவில்லையே என்று ஒவ்வொருத்தியும் தெரியாததுபோல வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். உன் தம்பி என்னோடு பேசுவதில்லை. அவன் பேசுகிற லட்சணத்துக்குப் பேசாமல் இருப்பது நல்லது என்று முதல் வாரம் நினைத்தேன். இப்போது இலையில் சோறு நிறைந்து வழிந்தால்கூட அவன் வாயைத் திறப்பதில்லை, நான் போட்டுக்கொண்டே இருக்கிறேன், அவன் பாதியில் எழுந்து போய்விடுகிறான். உங்கப்பா பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அடுத்த கண்ணுக்கு மாசிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள், எப்போது போகலாம் என்று கேட்டேன். மலர்க்கொடி வராமல் போகமாட்டேன் என்றார். ஏன், நான் இல்லையா என்று கேட்டேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “எங்கம்மா செத்து இருவது வருசமாச்சு. அதுக்கப்புறம் ஒரு பொம்பளக் குரல் என் பேரச் சொல்லிக் கூப்புட்டு அன்னைக்கித்தான் கேட்டேன். எமன் வந்து நிக்கிற எடத்துல அம்மா கூப்புட்ட மாதிரி இருந்துச்சு.” இதைச் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு போய்விட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அவருக்கு முப்பத்திரண்டு வருஷம் சமைத்துப் போட்டவள் நான். காய்ச்சலில் கிடந்தபோது பதினெட்டு நாள் கண் மூடாமல் இருந்தவள் நான். பேர் வாங்கிக்கொண்டது நேற்று வந்த பெண்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. முந்தாநாள் பருத்தி எடுக்கும் ஆட்கள் போனபிறகு காட்டில் நான் மட்டும் இருந்தேன். சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய பெயரும் இல்லை, உனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை, சிந்தாமணி. மறுபடி திறந்தேன், வியர்த்துக் கொட்டியது, ஏதோ திருட்டுக் காரியம் செய்கிறவள்போல நாலு பக்கமும் பார்த்தேன். அந்தி சாயும்வரை நின்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நாளைக்கு அரைப் பார்வையோடு இந்த மனுஷன் நம் கிணற்றங்கரையில் கால் வைத்தாலும் நான் இந்தாங்க, இந்தாங்க என்று கத்திக்கொண்டுதான் நிற்பேன். இந்தப் பேச்சு மரியாதையை எல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்காக அவர்கள் பேச்செல்லாம் சரி என்று நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ரைட்டும் ஓல்டானும் சோக்கும் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை, கட்டையில் போகும்வரை பிடிக்காது. ஆனாலும் வருகிற வெள்ளிக்கிழமை நானும் உங்கப்பாவும் பொன்மலைக்குப் போகிறோம். ராசாங்கம் லீவு போட்டுக் கூட வருகிறான், பொன்மலைக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் பதினேழு நாளில் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். சம்பந்தி வீட்டில் போய் நின்று நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வருமோ வராதோ தெரியாது, நான் வாசலில் போய் நின்றாலே அவள் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன், அந்த அளவுக்குக் கெட்டிக்காரிதான். நீயும் இந்தக் கடிதம் கண்டவுடன் அவளுக்கு ஒரு வரி எழுது. அம்மா மனசு அப்படி இல்லை என்று எழுது, நான் எழுதச் சொன்னதாக எழுதாதே.

குழந்தைக்குக் காதில் துணி கட்ட மறக்காதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம், மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஆனியில் வருவதாகச் சொன்னீர்களே, பிரசவமும் அப்போதுதான் இருக்கும் போலிருக்கிறது, கட்டாயம் வாருங்கள். இன்னொன்று. மலர்க்கொடி அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது உன் தம்பியிடம் சொன்னாளாம், அவன் உங்கப்பாவிடம் சொல்லி என் காதுக்கு வந்தது, பையன் பிறந்தால் தாத்தா பெயரைத்தான் வைப்பாளாம், வைத்துவிட்டு மற்ற மருமகள்கள்போலக் குட்டி, தம்பி என்று மழுப்பாமல் டேய் போட்டு அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாளாம், அத்தைக்குப் பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளட்டும் என்றாளாம். கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. வைக்கட்டும். அந்தப் பெயரைச் சொல்ல எனக்குத்தான் வாய் இல்லை, காது நன்றாக இருக்கிறது. அவள் விடிந்து எழுந்ததிலிருந்து வீடு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும், நான் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வாழ்வையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
ரத்தினம்மாள்